அமெரிக்காவில் வரியியல் முதுநிலைப் பட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வரியியலுக்கென்றே தனி முதுநிலைப் பட்டம் இருக்கிறது என்பது, பி.காம். அல்லது சட்டம் முடித்துவிட்டு அங்கே படிக்கச் செல்ல நினைப்பவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் சிலர் அதை வருமான வரிப் படிவம் நிரப்பக் கற்றுத்தரும் படிப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். படிவத்தை மென்பொருள் நிரப்பிவிடும். இந்தப் பட்டம் பழக்குவது வேறொன்று: கரடுமுரடான ஒரு சட்டப் பிரிவை வாசித்து, நம் முன் இருக்கும் நிகழ்வு அதற்குள் அடங்குமா அடங்காதா என்று காரணத்தோடு எழுதும் திறன். கணக்குப் போடுவதில் விருப்பம் இருந்து வாசிப்பில் பொறுமை இல்லாதவர்கள் இங்கே சிரமப்படுவார்கள். கணக்கைக் கண்டு சற்று அஞ்சினாலும் சட்ட வாசகத்தைச் சலிக்காமல் படிப்பவர்கள் நன்றாகவே தேறுவார்கள்.

எந்தக் கதவு வழியாக நுழைவது

முதலில் தீர்மானிக்க வேண்டியது பட்டத்தின் வகை. கணக்கியல் துறையிலோ வணிகப் பள்ளியிலோ தரப்படுவது எம்.எஸ்.டி. எனப்படும் வரியியல் முதுநிலைப் பட்டம்; பெரும்பாலும் 30 கிரெடிட், அதாவது பத்துப் பாடங்கள். சட்டக் கல்லூரியில் தரப்படுவது வரிச் சட்டத்தில் எல்.எல்.எம். எனப்படும் சட்ட முதுநிலைப் பட்டம்; இது வழக்கமாக 24 கிரெடிட், ஒரே கல்வியாண்டில் முடிந்துவிடும். முன்னதற்கு எந்த இளநிலைப் பட்டமும் போதும், கணக்கியல் அடிப்படை இருக்க வேண்டும். பின்னதற்குச் சட்டப் பட்டம் இல்லாமல் நுழைய முடியாது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வரி எல்.எல்.எம். 1945-லும், கெயின்ஸ்வில்லில் உள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினுடையது 1974-லும் தொடங்கியவை. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுனும் இந்தத் துறையில் பெயர் பெற்றது. வணிகப் பக்கத்தில் மாசசூசெட்ஸின் பென்ட்லி, நியூயார்க் நகரின் பரூக் கல்லூரி, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சொல்லலாம். ஃபிலடெல்ஃபியா அருகே உள்ள வில்லனோவாவில் சட்டத் துறையும் வணிகத் துறையும் சேர்ந்தே வரிப் படிப்பை நடத்துகின்றன. வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். பின்னாளில் வேலையிடத்தில் நடப்பதும் அதுதான்.

இந்தியாவிலோ இலங்கையிலோ சட்டம் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்.எல்.எம். முடித்தால் வழக்கறிஞர் தேர்வு எழுதலாம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். எல்.எல்.எம். பட்டத்தை வைத்துத் தகுதி பெற நினைப்பவர்களுக்கு நியூயார்க் மாநிலம் தொழில் ஒழுக்கம், சட்ட ஆய்வும் எழுத்தும், அமெரிக்கச் சட்ட அமைப்பு போன்ற பாடங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவற்றை எடுத்தால் வரிப் பாடங்களுக்கான இடம் குறையும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதால், பணம் கட்டும் முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. அது பட்டமே அல்ல. அமெரிக்க வருவாய்த் துறையான ஐ.ஆர்.எஸ். நடத்தும் என்ரோல்டு ஏஜென்ட் தேர்வு (வரிசெலுத்துவோர் சார்பில் அந்தத் துறையின் முன் பேசும் உரிமத்துக்கானது) மூன்று பகுதிகள் கொண்டது. அதை எழுதக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை, இந்தியாவில் இருந்தபடியே எழுதவும் முடியும். சென்னையிலோ பெங்களூருவிலோ அமெரிக்க வரிக் கணக்கு தயாரிக்கும் பணிதான் உங்கள் இலக்கு என்றால், பல்லாயிரம் டாலர் செலவழித்து முதுநிலைப் பட்டம் வாங்குவதற்கு முன் இந்தத் தேர்வை எழுதிப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை

இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்பதைக் காசு செலவில்லாமல் ஒரு வார இறுதியில் கண்டுபிடித்துவிடலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சட்டத் தகவல் நிறுவன இணையதளத்தில் அமெரிக்க வருமான வரிச் சட்டம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் 61-ஆம் பிரிவைப் படியுங்கள்: எந்த வழியில் வந்திருந்தாலும் எல்லா வருமானமும் மொத்த வருமானமே என்கிறது அது. அடுத்து 102-ஆம் பிரிவு: அன்பளிப்பாகப் பெற்றது மொத்த வருமானத்தில் சேராது. இரண்டும் எளிமையானவை. ஆனால் அன்பளிப்பு என்றால் என்ன என்று சட்டம் எங்குமே வரையறுக்கவில்லை.

இப்போது 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த டூபர்ஸ்டீன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டூபர்ஸ்டீன் என்ற உலோக வியாபாரி, பெர்மன் என்ற இன்னொரு வியாபாரிக்குச் சில வாடிக்கையாளர்களைப் பற்றிய தகவல்களை அவ்வப்போது சொல்லிவந்தார். அதனால் பயனடைந்த பெர்மன், அவருக்கு ஒரு கேடிலாக் காரைக் கொடுத்தார். என்னிடம் ஏற்கெனவே கார்கள் இருக்கின்றன, வேண்டாம் என்று டூபர்ஸ்டீன் சொல்லியும் கேட்கவில்லை. முன்கூட்டிப் பேசிய உடன்பாடு எதுவும் இவர்களுக்குள் கிடையாது. அப்படியானால் அந்தக் கார் அன்பளிப்பா, வருமானமா? பெர்மனின் நிறுவனம் அந்தக் காரின் விலையைத் தொழில் செலவாகக் கழித்துக்கொண்டது என்பதையும் கணக்கில் எடுங்கள். வரி நீதிமன்றம் வருமானம் என்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்பளிப்பு என்றது, உச்ச நீதிமன்றம் மீண்டும் வருமானம் என்றது. கொடுத்தவர் எந்த மனநிலையில் கொடுத்தார், எதையும் எதிர்பாராத தாராள குணத்தில் பிறந்ததா அந்தக் கொடை என்பதே அங்கே உரைகல் ஆனது.

முடிவு தெரிந்துவிட்டாலும், தீர்ப்பின் முழு வாசகத்தைப் படிப்பதற்கு முன், நீங்களே ஒரு பக்கத்தில் உங்கள் விடையையும் காரணத்தையும் எழுதிப் பாருங்கள். பிறகு எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். அந்த இரண்டு பக்கங்களையும் எழுதும்போது நேரம் போனதே தெரியவில்லை என்றால், தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

தகுதியும் ஆவணங்களும்

இந்தியப் பட்டதாரிகளுக்கு வரும் முதல் தடை மூன்றாண்டு பி.காம். பட்டம். சில பல்கலைக்கழகங்கள் அதை அப்படியே ஏற்கின்றன. சில, நான்காண்டுப் பட்டத்துக்கு நிகர் என்று மதிப்பீட்டு நிறுவனத்தின் சான்று கேட்கின்றன. வேறு சில எம்.காம். போன்ற கூடுதல் படிப்பு இருந்தால்தான் சேர்க்கின்றன. ஆகவே விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, உங்கள் பட்டத்தின் பெயரையும் கால அளவையும் குறிப்பிட்டுச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். பொறியியல் படித்தவர்களுக்கு நான்காண்டுச் சிக்கல் இல்லை. ஆனால் அடிப்படைக் கணக்கியல் பாடங்களை முன்கூட்டியோ முதல் பருவத்திலோ கூடுதலாகப் படிக்க நேரும், அந்தச் செலவு விளம்பரத்தில் காட்டும் கட்டணத்தில் சேர்ந்திருக்காது.

ஜிமேட் மதிப்பெண்ணைப் பல எம்.எஸ்.டி. படிப்புகள் இப்போது வலியுறுத்துவதில்லை. டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேவைப்படும். நோக்க அறிக்கையில் சிறு வயது முதலே வரியின் மீது ஆர்வம் என்று எழுதாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். நீங்கள் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தபோதோ, குடும்பத் தொழிலின் ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்தபோதோ எதிர்ப்பட்ட ஒரு குறிப்பிட்ட சிக்கலை எடுத்து, அதில் சட்டம் எங்கே தெளிவாக இல்லை என்பதைச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்தல்

தரவரிசையைவிட மூன்று செய்திகள் இங்கே முக்கியம். முதலாவது, வகுப்பு நடக்கும் நேரமும் முறையும். எம்.எஸ்.டி. படிப்புகளில் பல, பகலில் வேலை பார்ப்பவர்களுக்காக மாலையிலோ இணையவழியிலோ நடப்பவை. எஃப்-1 மாணவ விசாவில் வருபவர்கள் முழுநேரம் படித்தாக வேண்டும். அந்த முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடம்தான் சேரும். எனவே அந்தப் படிப்புக்கு, மாணவ விசா பெறத் தேவையான ஐ-20 சான்று தருவார்களா, நேரடி வகுப்புகள் ஒவ்வொரு பருவத்திலும் போதிய எண்ணிக்கையில் உண்டா என்று கேளுங்கள். கணவரோ மனைவியோ எச்-1பி விசாவில் இருக்க, எச்-4 விசாவில் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் பகுதிநேரமாகவே படிக்கலாம். மாநில விதி இடம் கொடுத்தால் உள்ளூர்வாசிகளுக்கான குறைந்த கட்டணமும் கிடைக்கக்கூடும். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு படிப்பைத் தொடர விரும்பும் தமிழ்ப் பெண்களுக்கு மாலைநேர எம்.எஸ்.டி. மிகப் பொருத்தமானது என்று தயங்காமல் சொல்வேன்.

இரண்டாவது, படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி. எஃப்-1 மாணவர்கள் பட்டத்துக்குப் பின் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பம், கணிதப் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும். வழக்கமான வரியியல், கணக்கியல் பட்டங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. கணினித் துறை நண்பர்கள் மூன்று ஆண்டு கிடைத்தது என்று சொல்வதை வைத்துக் கடன் கணக்குப் போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஐ-20-இல் அச்சிடப்படும் பாடக் குறியீட்டு எண்ணைக் கேட்டுப் பெற்று, நீங்களே பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, ஊர். சான் ஹோசேயில் தொழில்நுட்ப நிறுவனங்களின் ஊழியர் பங்குகளும் ஆராய்ச்சிச் செலவுச் சலுகைகளும் அன்றாடப் பேச்சு, நியூயார்க்கில் நிதி நிறுவனங்கள், முதலீட்டுக் கூட்டாண்மைகள், வாஷிங்டனில் ஐ.ஆர்.எஸ்., கருவூலத் துறை, வரி நீதிமன்றம் ஆகிய மூன்றும். பாடம் நடத்த வருபவர்களில் பலர் பகலில் அதே தொழிலில் இருப்பவர்கள் என்பதால், ஊரின் தொழில் வகுப்புக்குள்ளும் வந்துவிடுகிறது.

முதல் பருவம்

முதல் பருவத்தில் வரி ஆய்வு என்றொரு பாடம் இருக்கும். பலர் இதை நூலகப் பயிற்சி என்று அலட்சியமாகக் கடந்து, பின்னால் வருந்துகிறார்கள். அமெரிக்க வரியில் எந்த ஆவணத்துக்கு எவ்வளவு எடை என்பதை இந்தப் பாடம்தான் சொல்லித் தருகிறது. மேலே இருப்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 26-ஆம் தலைப்பு. அதற்கு அடுத்து கருவூலத் துறையின் விதிமுறைகள். பிறகு ஐ.ஆர்.எஸ். வெளியிடும் வருவாய்த் தீர்வுரைகள். தனி ஒரு வரிசெலுத்துவோருக்கு எழுதப்பட்ட கடிதத் தீர்வுரையை வேறொருவர் முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. ஆனால் அதிகாரிகளின் மனப்போக்கை அறிய உதவும். சட்டம் தெளிவற்று இருந்தால் அரசுத் துறையின் விளக்கத்துக்கு நீதிமன்றங்கள் பணிந்துபோகும் என்ற நாற்பதாண்டு மரபை 2024-இல் லோப்பர் பிரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிட்டது; அதனால் விதிமுறைகளைச் சட்ட வாசகத்தோடு ஒப்பிட்டு வாசிக்கும் திறனுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

வழக்கு எங்கே தொடுப்பது என்பதும் இங்கேதான் வரும். ஐ.ஆர்.எஸ். குறைவரி அறிவிப்பு அனுப்பிய 90 நாட்களுக்குள் வரி நீதிமன்றத்தில் மனுச் செய்தால், வரியை முன்கூட்டிக் கட்டாமலே வழக்காடலாம். மாவட்ட நீதிமன்றத்துக்கோ கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கோ போவதென்றால், முதலில் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும்.

ஒரு பிரிவை வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் சொந்தமாக எண்களைப் போட்டுப் பாருங்கள். நிறுவன வரிப் பாடத்தின் அடிப்படையான 351-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். நீங்கள் 40,000 டாலருக்கு வாங்கிய நிலம் இன்று 1,00,000 டாலர் பெறும். அதை நீங்களே தொடங்கும் கம்பெனிக்குக் கொடுத்து, அதன் எல்லாப் பங்குகளையும் பெறுகிறீர்கள். 60,000 டாலர் ஆதாயம் கண்ணுக்குத் தெரிந்தாலும், சொத்தைக் கொடுத்தவர்கள் கம்பெனியில் குறைந்தது 80 சதவீதக் கட்டுப்பாடு வைத்திருந்தால் அன்றைக்கு வரி இல்லை. ஆனால் ஆதாயம் மறைந்துபோகவில்லை: உங்கள் பங்குகளின் அடக்க விலை 358-ஆம் பிரிவின்படி 40,000, கம்பெனியின் கையில் நிலத்தின் அடக்க விலையும் 362-ஆம் பிரிவின்படி அதே 40,000. நிலத்தைக் கம்பெனி விற்றால் ஒரு வரி, பங்குகளை நீங்கள் விற்றால் இன்னொரு வரி என்று ஒரே 60,000 இரண்டு இடங்களில் காத்திருக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், தாளில் போட்டுப் பார்த்தால் மறக்காது.

பாடங்களில் மிகக் கடினமானது கூட்டாண்மை வரி என்பதில் மாணவர்களிடையே கருத்து வேறுபாடே கிடையாது. கூட்டாண்மை தானே வரி கட்டுவதில்லை; லாபமும் நட்டமும் கூட்டாளிகளின் கணக்குக்குப் போய்ச் சேர்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பதைக் கூட்டாளிகளே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பங்கீட்டுக்கு உண்மையான பொருளாதார விளைவு இருக்க வேண்டும் என்கிறது 704-ஆம் பிரிவு. அந்த ஒரு நிபந்தனையைச் சுற்றி எழுதப்பட்ட விதிமுறைகள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. கம்பெனி வரியை முடித்தவுடன், இடைவெளி விடாமல் இதை எடுத்துவிடுங்கள். பன்னாட்டு வரி, மாநில வரி, இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து மற்றும் கொடை மீதான வரி ஆகியவை உங்கள் இலக்கைப் பொறுத்தவை.

புத்தகம் வாங்குவதில் ஓர் எச்சரிக்கை. பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி வரியை 35-லிருந்து 21 சதவீதமாகக் குறைத்ததோடு நூற்றுக்கணக்கான பிரிவுகளைத் திருத்தியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மீண்டும் பலவற்றை மாற்றியது. பழைய தீர்ப்புகள் அப்படியே நிற்கும், பழைய பாடநூல் நிற்காது.

உங்கள் சொந்த வரி

வரியியல் மாணவர் தன் வரிக் கணக்கைத் தவறாகத் தாக்கல் செய்வது சற்றே வெட்கத்துக்குரியது, ஆனாலும் அடிக்கடி நடப்பது. எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு, அமெரிக்காவில் வசித்தாலும், வரிக் கணக்கில் குடியிராதோராகவே கருதப்படுகிறார்கள். எனவே 1040 படிவம் அல்ல, 1040-என்.ஆர். படிவம். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 படிவம் அனுப்ப வேண்டும். வளாகத்தில் வேலை பார்த்தால், சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குமான 7.65 சதவீதப் பிடித்தம் இந்தக் காலத்தில் உங்களுக்குப் பொருந்தாது; பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் சொல்லித் திரும்பப் பெறுங்கள்.

செலவுக் கணக்கு காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு குடியிராதோருக்குக் கிடையாது என்பது பொது விதி. ஆனால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் உறுப்பின் இரண்டாம் பத்தி இந்திய மாணவர்களுக்கு அந்தக் கழிவை அனுமதிக்கிறது. 2025-ஆம் வரியாண்டுக்குத் தனிநபருக்கான தொகை 15,750 டாலர். இலங்கை மாணவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. வகுப்பில் ஒப்பந்தங்களைப் பற்றிப் படிக்கும் முன்பே, ஒப்பந்த வாசகம் ஒன்றை உங்கள் பணத்துக்காக நீங்களே வாசித்திருப்பீர்கள்.

வகுப்புக்கு வெளியே

ஐ.ஆர்.எஸ். நடத்தும் வீட்டா என்ற தன்னார்வத் திட்டத்தில், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு தயாரித்துத் தரலாம். பயிற்சி இணையத்திலேயே கிடைக்கும், தேர்ச்சி பெற்றால் சான்று தருவார்கள். ஊதியமற்ற பணிதான் என்றாலும், எஃப்-1 மாணவர்கள் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்வது நல்லது. சட்டப் பிரிவுகளில் மூழ்கியிருப்பவருக்கு, சம்பளச் சீட்டுகளை ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வரும் மனிதர் முன்னால் உட்கார்வது நல்ல மாற்றம்.

அமெரிக்காவில் கணக்காளர் உரிமம் பெறுவதற்கான சி.பி.ஏ. தேர்வைப் படிப்போடு இணைத்துத் திட்டமிடுங்கள். 2024 ஜனவரி முதல் மூன்று பொதுத் தாள்களும் விருப்பத் தாள் ஒன்றும் என்று அது மாறியிருக்கிறது. விருப்பத் தாள்களில் வரி இணக்கமும் திட்டமிடலும் என்பது உங்களுக்கானது. உரிமம் பெற 150 கிரெடிட் என்ற பழைய நிபந்தனையைச் சில மாநிலங்கள் தளர்த்தி, கூடுதல் பணி அனுபவத்தை மாற்றாக ஏற்கத் தொடங்கியிருப்பதால், எந்த மாநிலத்தில் உரிமம் பெறுவீர்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

வேலை தேடும் காலம் நீங்கள் நினைப்பதைவிட முந்தியே தொடங்கிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் 15 வரை கணக்கு நிறுவனங்களில் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. அந்தப் பருவத்துக்கான பயிற்சியாளர்களைப் பெரிய நிறுவனங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே, சில வேளைகளில் ஓராண்டுக்கும் முன்பே, எடுத்துவிடுகின்றன. ஆகஸ்டில் வந்து இறங்குபவர், அந்த மாதத்திலேயே பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். விசா ஆதரவு தருவீர்களா என்ற கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்பதில் தவறில்லை. தராத இடத்தில் மூன்று நேர்காணல் முடித்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

ஊர் திரும்பினால்

மருத்துவமும் பொறியியலும் எல்லை தாண்டியும் பயன்படும், வரிச் சட்டம் அப்படியில்லை. அமெரிக்கச் சட்டத்தில் தேர்ந்தவர் சென்னை திரும்பி வருமான வரி அலுவலகத்தின் முன் வாதாடப் போவதென்றால், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அதே வேளையில், பன்னாட்டுக் கணக்கு நிறுவனங்களின் அமெரிக்க வரிப் பிரிவுகள் ஹைதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களில் இயங்குகின்றன. அங்கே படிவம் தயாரிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆய்வுக் குறிப்பு எழுதத் தெரிந்தவர்களைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. திரும்பும் எண்ணம் இருப்பவர்கள், படிக்கும் காலத்திலேயே பன்னாட்டு வரி, கூட்டாண்மை வரி ஆகிய இரண்டிலும் எழுதிய நல்ல ஆய்வுக் குறிப்புகளை, பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அதை எடுத்து நீட்டலாம்.